தோலோடு வந்த ஊர்

அகத்திக் கீரையையும் மஞ்சளையும் சேர்த்து அரைக்க வேண்டும். அரைத்ததை மெல்லிய பருத்தித் துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு ஏற்ற வேண்டும். விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால், திரி எரிய எரியச் சட்டியின் உட்புறம் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டியெடுத்துத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் பச்சை குத்தும் மை தயார். நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் வழங்கிய இந்தப் பக்குவத்தை, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்துப் போயிருக்கிறார்.

பேராக் மாநிலத்தின் கித்தாத் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த நம் பாட்டிமாரின் முன்கையில் இருந்த கோலம் இந்தச் சட்டிக்கரியில் பிறந்தது. அது கடல் தாண்டியது, லயத்தில் குடியிருந்தது, பேரப்பிள்ளைகள் படிக்கத் தொடங்கிய காலத்தில் முந்தானைக்குள் ஒளிந்தது. பிறகு எழுத்தாகவும் எண்ணாகவும் வேலாகவும் உருமாறி, இன்று ஈப்போவின் கடைகளில் மின்சார ஊசியின் கீழ் மறுபடி கோலமாகத் தலைகாட்டுகிறது. அது வந்த வழியிலேயே அதன் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். வழியெங்கும் இரண்டு கேள்விகள் எனக்கு முக்கியம். எதற்காகக் குத்திக்கொண்டார்கள்? என்ன வடிவம் என்று முடிவு செய்தது யார்?

குத்தும் கை பெரும்பாலும் குறவர் குலப் பெண்களுடையது. ஊர் ஊராகப் போவார்கள். கூலி காசாகவும் கிடைக்கும். அரிசியாகவும் வெற்றிலை பாக்காகவும் கிடைக்கும். மழுங்கின குச்சியை மையில் தோய்த்துத் தோலின்மேல் முதலில் கோலத்தை வரைந்துகொள்வார்கள். பிறகு மூன்று நான்கு ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வரைந்த கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போவார்கள். சிறுமியை அம்மாவோ அத்தையோ பிடித்துக்கொள்ள, குத்துகிறவர் வலி மறக்கப் பாட்டுப் பாடுவார். ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடித்தோலில் கரியை இறக்கிவிடும். கறுப்பாகப் போன மை, காயம் ஆறியதும் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் தெரியும். ஒளி தோலினூடே சிதறித் திரும்புவதால் வரும் நிறம் அது.

அந்தக் கரி எழுபது ஆண்டு, எண்பது ஆண்டு கழித்தும் அங்கேயே நிற்பது எப்படி? பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளின் தோலில் இதற்கு விடை கண்டார்கள். உடலின் காவல் செல்கள் அந்நியத் துகளைக் கண்டதும் விழுங்கிக்கொள்கின்றன. கரியை அவற்றால் செரிக்க முடிவதில்லை. அந்தச் செல் சாகும்போது கரி வெளியே விழுகிறது. அதே இடத்துக்கு வரும் புதுச் செல் அதை எடுத்துத் தானும் விழுங்கிக்கொள்கிறது. வெளியே தள்ள முடியாத ஒன்றை உடல் இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றுகிறது. பாட்டியின் கைக்கோலம் வெறுமனே கிடந்த கறை அல்ல; அவருடைய உடல் ஆயுள் முழுதும் சுமந்துகொண்டே இருந்த பொருள்.

வடிவங்கள் எண்ணி முடியாதவை அல்ல. தேள், மீன், தாமரை, மயில், தேர். புருவ நடுவில், மோவாயில், கன்னத்தில் ஒற்றைப் புள்ளி. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் அரிசிமாவால் போடுவது போலவே புள்ளி வைத்துச் சுற்றிய கோலம். கண்ணேறு படாது என்றார்கள். கைகால் வலிக்கு நல்லது என்றார்கள். பெண்ணுக்கு லட்சணம் என்றார்கள். காரணங்களில் ஆழமானது, எல்லா ஊரிலும் பாட்டிமார் சொன்ன ஒன்று: சாகும்போது தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், இது ஒன்றுதான் கூட வரும்.

ஜான் லேயார்ட் என்ற மானுடவியலாளர் 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் ஒன்றாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் களப்பணி செய்த பசிபிக் தீவான மலெகுலாவில் ஒரு நம்பிக்கை உண்டு. இறந்தவர் மறுவுலகுக்குப் போகும் வழியில் ஒரு காவல் பேய் தரையில் கோலம் வரைந்து பாதியை அழித்துவிடும். மீதியை வரையத் தெரிந்தவருக்குத்தான் வழி கிடைக்கும். நம் புள்ளிக் கோலத்திலும் அதுபோன்ற வழிகாட்டலை லேயார்ட் கண்டார். அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் ஆரம்பமும் முடிவும் இல்லாமல் ஒரே கோட்டில் சுற்றிவரும் கம்பிக் கோலத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு பெண் கடல் தாண்டினாள் என்பதை நினைக்கும்போது, அவர் சொன்னதை முழுக்க ஒதுக்கவும் மனம் வருவதில்லை.

இந்தக் கட்டத்தில் முடிவு செய்தவர் சிறுமி அல்ல. குத்துகிறவரின் மனப்பாடத்தில் இருந்த கோலங்களுக்குள் ஒன்றை அம்மாவோ பாட்டியோ சொன்னார்கள். தங்களுக்கு இருந்ததையே பெரும்பாலும் சொன்னார்கள். வடிவம் ஒருத்தியின் விருப்பம் அல்ல. அவள் இன்னார் வீட்டுப் பெண், இன்ன ஊர்ப் பெண் என்பதன் தொடர்ச்சி.

கோலம் கப்பல் ஏறும் முன் இன்னொரு பச்சையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலாயாவுக்கு இந்தியர் உடலில் வந்த முதல் பச்சைகளில் அதுவும் ஒன்று, அது யாருடைய விருப்பத்திலும் வந்தது அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1797இல் வங்காளத்தில் ஒரு விதி செய்தது. ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியில், அவர் செய்த குற்றத்தையும் தண்டனை நாளையும் நீதிமன்றத்தையும் பச்சை குத்த வேண்டும். சென்னை மாகாணமும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இந்தியக் கைதிகள் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பினாங்கின் சாலைகளில் அவர்களுடைய உழைப்பு கிடக்கிறது. தலைப்பாகையை இறக்கிக் கட்டி நெற்றியை மறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 1849இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. கோலம் குத்திய குறவர் குலத்தையே பின்னாளில் அரசு வேறு வகையில் முத்திரை குத்தியது. 1911இன் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தில் அவர்களில் பல பிரிவினர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, ரேகை பதிந்து, ஊர்விட்டு ஊர் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டியவர்களாக்கப்பட்டார்கள். ஊர் ஊராகப் போய்க் குத்துவதே தொழிலானவர்களுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தன்னவரென்று அணைத்துக்கொள்ள ஒரு பச்சை, ஒதுக்கிவைத்துக் கண்காணிக்க ஒரு பச்சை. இரண்டும் அருகருகே வந்தன. இந்தக் கதை முடியும் வரைக்கும் அவை பிரியவில்லை.

1877இல் சிங்கப்பூரிலிருந்து ஒன்பது ரப்பர் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தன் தோட்டத்தில் அவற்றை நட்டார். அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னமும் நிற்கிறது. கிரியான் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் முன்பே வந்திருந்தார்கள். ரப்பர் வந்த பிறகு வந்தவர்களின் எண்ணிக்கை வேறு. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று கங்காணிமார் ஆள் கட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் தடுத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பினார்கள்.

என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் குடும்பக் கதைகள் ஒரு தகரப் பெட்டியில் முடிந்துவிடும். இரண்டு சேலை, ஒரு பித்தளைச் சொம்பு, சாமி படம். கம்மல் இருந்திருந்தால் அது கடனுக்குப் போயிருக்கும். அந்தப் பட்டியலில் கைக்கோலத்தை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கோ அதுதான் முதலில் வர வேண்டும் என்று தோன்றுகிறது. வந்து சேர்ந்த இடத்தில் எதுவும் அவர்களுடையது அல்ல. லயம் கம்பெனியுடையது. மரமும் பாலும் கம்பெனியுடையவை. வெட்டுகிற நிரை கூட இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. வேலை போனால் வீடும் போகும். 1928இல் நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. மந்த காலம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். யாரும் திருப்பிக் கேட்க முடியாத சொத்தாக அந்தப் பெண்ணிடம் இருந்தது முன்கையில் ஒரு சாண் கோலம் மட்டும்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், மரம் மரமாக வெட்டி, மங்கு கவிழ்த்து, வெயில் ஏறுமுன் பால் எடுத்து வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கி வந்த கைகள் அவை. கட்டிப்பால் நாற்றம் துணியைவிட்டுப் போகாது. கோலம் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. ஒரே லயத்தில் பல மாவட்டத்துக்காரர்கள் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். பேச்சு கலந்துபோயிற்று, சமையல் கலந்துபோயிற்று. கைக்கோலத்தைப் பார்த்து, இது எங்கள் பக்கத்துக் கை என்று கண்டுகொண்ட பெண்கள் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

தோட்டத்தில்தான் கோலம் எழுத்தாக மாறத் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பிறந்த தோட்டப் பள்ளிகளின் வழியில்தான் இன்றும் பேராக்கில் 134 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. எழுத்து வந்ததும் பெயர் கைக்கு வந்தது. வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த புருஷன் பெயரைப் பெண்கள் கையில் எழுதிக்கொண்டார்கள். ஆண்களின் கையிலும் அம்மா பெயர், சாமி பெயர், தன் பெயரே கூட. தையல் ஊசியும் விளக்குக்கரியும் போதும், கைப்பழக்கம் உள்ள ஒரு நண்பன் போதும். கோணலான எழுத்துகள், சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் விட்டுப்போயும். இங்கே முதன்முறையாக வடிவத்தை முடிவு செய்கிறவர் குத்திக்கொள்கிறவர். வம்சத்தின் கோலத்திலிருந்து தன் மனசில் உள்ள பெயருக்கு நகர்ந்தது, என் கண்ணில், இந்தப் பயணத்தின் மிகப் பெரிய திருப்பம். ஈப்போவின் நவீனக் கடைகள் பின்னால் கொண்டுவந்தது கருவியை மட்டுமே. விருப்பம் தோட்டத்து லயத்திலேயே பிறந்துவிட்டது.

1938இல் இந்திய அரசு உதவி பெற்றுப் போகும் தொழிலாளர்களின் புலம்பெயர்வை நிறுத்தியது. ஊரிலிருந்து புதிய கோலங்கள் வருவது ஏறக்குறைய அதோடு நின்றது. பத்தாண்டு கழித்து, 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட்டின் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டு 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அட்டைதான் இனி நீ யார் என்று சொல்லும். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அட்டை வைத்திருந்தவர்கள் வேலை அனுமதி இல்லாமல் தோட்டத்தில் இருக்க முடியாமல் போனபோது, ஆயிரக்கணக்கானோர் ரஜூலா போன்ற கப்பல்களில் ஊர் திரும்பினார்கள். பிறந்த ஊரே அடையாளம் தெரியாமல் போயிருந்தவர்களின் கையில் அந்த ஊர்க் கோலம் பத்திரமாக இருந்தது.

இங்கேயே தங்கியவர்களின் வீட்டில் பச்சைக்கு மதிப்புக் குறைந்தது. பள்ளிக்கூடம் போன பெண்கள் அதைத் தோட்டக்காட்டு அடையாளமாகப் பார்த்தார்கள். ஈப்போவில் கிளினிக்கில் வேலை, ஆபீசில் வேலை என்று போன பிறகு, கல்யாண வீட்டில் பாட்டியின் கையைச் சேலைத் தலைப்பால் மூடச் சொன்ன வீடுகள் உண்டு. அப்படிச் சொன்னவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஏழ்மையிலிருந்து ஏறி வருகிறவர்கள் ஏழ்மையின் குறிகளைப் பார்த்து அஞ்சுவது இயல்பு. இழப்பு இழப்புதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகளில், கேட்டு வைத்துக்கொள்ள யாருமில்லாமல், ஏராளமான கோலங்கள் பேராக்கின் சுடுகாடுகளில் எரிந்துபோயின.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் தோட்டத்தைவிட்டு வெளியேறினார்கள். வீடு போயிற்று, ஆயாக்கொட்டகை போயிற்று, முனீஸ்வரரும் மதுரை வீரனும் இருந்த மரத்தடி போயிற்று. பேராக்கில் பலர் ஈப்போவின் புந்தோங், சிலிபின் பக்கம், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பட்டணங்களின் ஓரம் என்று ஒதுங்கினார்கள். தோட்டத்தில் ஒரு பையன் தப்பு செய்தால் காதைத் திருக நூறு அத்தை மாமா இருந்தார்கள். மலிவு அடுக்குமாடியில் அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அந்த வெற்றிடத்தில் ஒரு பகுதி இளைஞர்களுக்குக் கும்பல்கள் வீடாயின. இந்தக் காலத்துப் பச்சையில் பெயருக்குப் பதில் எண் வந்தது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என எண்களே பெயர்களான கும்பல்கள் அதில் இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பகுதி இந்தியர் என்று அமைச்சு சொன்னது. அதன்பின் கும்பலின் எண்ணையோ சின்னத்தையோ தாங்கியிருப்பதே போலீஸ் விசாரணைக்குப் போதுமான காரணமாகிவிட்டது. பதினாறு வயதில், என்னவென்று முழுதாகப் புரியாமல், கூட்டாளிகளோடு சேர்ந்து குத்திக்கொண்ட எண்ணை முப்பது வயதில் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகும்போது மறைக்க வேண்டியிருக்கிறது. தலைப்பாகையை இறக்கிக் கட்டிய பினாங்குக் கைதிகளை இங்கேதான் மறுபடி நினைக்கிறேன். ஒரு வித்தியாசம்: இவர்கள் நெற்றியில் யாரும் வலுக்கட்டாயமாகக் குத்தவில்லை. தன்னை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கம்தான் குத்தியது. பாட்டியின் கோலத்துக்குப் பின்னால் இருந்ததும் அதுதான். அவருக்கு அந்த இடம் கௌரவமானதாகக் கிடைத்தது, பேரனுக்குக் கிடைக்கவில்லை.

பச்சை குத்தியவர்கள் எல்லாரையும் இந்த ஒரு கண்ணால் பார்க்கிற பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. போலீசிலும் ராணுவத்திலும் சேர உடலில் பச்சை இருக்கக் கூடாது. பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். தைப்பூசத்தில் குனோங் சேரோ கல்லுமலைக்கு அலகு குத்திக் காவடி எடுத்து வரும் பையனைக் கும்பிடுகிறவர்கள், அவன் தோளில் முருகனின் வேலைப் பச்சையாகப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். அலகுக் காயம் ஆறி மறைந்துவிடும், பச்சை மறையாது. அந்த மறையாத்தன்மைதான் ஒருவருக்கு அச்சமாகவும் ஒருவருக்குத் தேவையாகவும் இருக்கிறது.

இனி ஈப்போவின் இன்றைய கடை. கருவியின் வரலாறு சிறியது. எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்சாரப் பேனாவை வைத்து, நியூயார்க்கின் சாமுவேல் ஓரைலி 1891இல் பச்சை குத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் பேட்டரியில் ஓடும் எந்திரத்தோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பதை ஊருக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். 1970களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கட்சிக்கொடியைக் கையில் குத்திக்கொள்ளச் சொன்ன காலத்திலிருந்து அங்கே அரசியலும் அந்த ஊசியின் கீழ் வந்துவிட்டது. நம் கடைகள் வேறு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி, கையுறை, கிருமிநீக்கம் செய்த நாற்காலி, திரையில் வரைந்து தாளில் எடுத்துத் தோலில் ஒட்டி உரிக்கும் வரைபடம். இஸ்லாத்தில் பச்சை விலக்கப்பட்டது என்பதால் வாடிக்கையாளர் பெரும்பாலும் சீனரும் இந்தியரும்.

ஆழம்தான் வித்தை. மேலாகப் போனால் மை சில வாரத்தில் உதிர்ந்துவிடும். அதிகம் இறங்கினால் மை பரவி, கோடு கலங்கி, தழும்பு விழும். பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பட்டையில் பால் ஓடும் குழாய்கள் வரை கத்தி போக வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. அந்த மயிரிழை அளவைக் கையால் அறிந்திருந்தவர்களின் பேரன் பேத்திகள் சிலர் இன்று ஊசி பிடிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

என்ன கேட்டு வருகிறார்கள்? வேல், ஓம், முருகன், முனீஸ்வரர், காளி. குழந்தையின் பெயர், பிறந்த நாள். அம்மா. இறந்துபோன அப்பாவின் முகம். சாமி உருவங்களை வெறும் பக்தி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. தோட்டத்துக் கோயில் போன பிறகு காவல் தெய்வத்தை யாரும் இடிக்க முடியாத இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். இறந்தவர் முகமும் அப்படித்தான். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களில் துக்கத்தோடு வருகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சரவாக்கின் ஈபான் இளைஞர்கள் ஊரைவிட்டுப் பயணம் புறப்படும்போது தோளில் கத்தரிப்பூ குத்திக்கொள்வார்கள். ஒரு பெரிய வாசலைத் தாண்டுகிறவர்கள் அதை உடலில் குறித்துவைக்க விரும்புவது உலகப் பொது.

தேர்வு செய்வதில் இன்றைய சிக்கல் வேறு. குறத்தியிடம் பத்து இருபது கோலம் இருந்தது. கைபேசியில் பத்து லட்சம் இருக்கிறது. யாரோ ஒரு நடிகரின் கையில் பார்த்த சிங்கத்தை அப்படியே கேட்டு வருகிறவர்கள்தான் சில ஆண்டுகளில் மூடிக் குத்தவோ லேசரில் அழிக்கவோ வருகிறார்கள். லேசர் மையைத் தூளாக்குகிறது, தூளை உடல் மெல்லக் கழுவிக்கொண்டுபோகிறது. கறுப்பு எளிதில் போகும், சில நிறங்கள் அடம்பிடிக்கும். பல மாதங்கள் எடுக்கும், குத்தியதைவிடச் செலவாகும், வலியும் குறைவில்லை. நல்ல கலைஞர்கள் இதனால்தான் அவசரப்படுகிறவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். படத்தை ஆறு மாதம் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். தமிழ் எழுத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். கணினி எழுத்துரு உடைந்து, கொம்பு இடம் மாறி, புள்ளி விட்டுப்போன எழுத்தை, தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் அப்படியே குத்திவிட முடியும். தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள் என்பதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் அண்மைக்காலமாகப் புள்ளிக் கோலம் திரும்பி வருகிறது. சென்னையிலும், புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நகரங்களிலும் இளம் பெண்கள் அதைக் கேட்டு வாங்கிக் குத்திக்கொள்கிறார்கள். படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள். அம்மாக்கள் மூடிவைத்ததை அவர்கள் திறந்துவைக்கிறார்கள். ஒரு வருத்தம், பெரும்பாலும் அது இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கோலம். அவரவர் பாட்டியின் கோலம் என்னவென்று தெரிந்திருந்தால் அதையே கேட்டிருப்பார்கள்.

தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. 1938க்கு முன் கைக்குழந்தையாக வந்தவர்கூட இன்று தொண்ணூறை நெருங்கியிருப்பார். பச்சை குத்திய கையோடு வந்தவர் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். சுங்கை சிப்புட்டிலோ புந்தோங்கிலோ பேரன் வீட்டில், பிள்ளை வீட்டில், முதியோர் இல்லத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போங்கள். பழைய பச்சையில் மை பரவி, கோடுகள் தடித்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுருங்கிய தோலில் கோலம் கோணிக்கொண்டு தெரியும். கைபேசிப் படம் மட்டும் போதாது. காலை வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து, கையைத் தலையணையில் நீட்டச் சொல்லி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, முதலில் புள்ளிகளை மட்டும் மார்க்கர் பேனாவால் குறியுங்கள். வரிசைக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று தெரிந்துவிட்டால் கலங்கிய கோடுகளை மீட்டுவிடலாம்; கோலம் போடத் தெரிந்த எந்த அத்தையும் அதைச் செய்வார். பிறகு கேளுங்கள்: எந்த ஊரில் குத்தியது, யார் பிடித்துக்கொண்டார்கள், கூலிக்கு என்ன கொடுத்தார்கள், இந்தக் கோலத்துக்கு என்ன பெயர், உங்கள் அம்மா கையிலும் இதேதான் இருந்ததா. பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, தாளின் ஓரத்தில் இடக்கையா வலக்கையா என்பதையும் தேதியையும் குறித்துவையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.